கோரைத்திட்டுக்கு வந்த இரண்டு மலைகள்

எங்கள் ஊருக்கு மலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். முந்தின நாள் திங்கட்கிழமை வரைக்கும் கோரைத்திட்டில் மலை கிடையாது, மேடுகூடக் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே தார் ரோடு, நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம், அதில் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை விட்டால் உயரமானது என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு இருந்தது பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான், அதிலும் தண்ணீர் ஏறியதில்லை.

ஆனாலும் மலையை எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர் தவசிக்கனி சார் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஓவியம் நடத்துவார். கரும்பலகையில் முதலில் ஒரு கோடு, கோட்டுக்கு மேலே இரண்டு மலை, இரண்டு மலைக்கும் நடுவே பாதிச் சூரியன், சூரியனைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கதிர், அங்கிருந்து இறங்கி வர வர அகலமாகிற ஓர் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு கதவும் ஒரு ஜன்னலுமாகக் குடிசை, குடிசைமேல் சாய்ந்த ஒரு தென்னை, வானத்தில் விடைத்தாளில் சரி போட்ட மாதிரி சில பறவைகள். இதற்குப் பெயர் இயற்கைக் காட்சி. நாங்களும் இதைத்தான் வரைந்தோம், எங்கள் பிள்ளைகளும் இதைத்தான் வரைந்தார்கள்; வகுப்பு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற உப்பளத்தை ஒருத்தரும் வரைந்ததில்லை, ஏனென்றால் அது இயற்கைக் காட்சி இல்லை, அது வேலை. படத்தில் ஆள் போடக் கூடாது என்பது சாரின் இன்னொரு சட்டம். ஆள் போட்டால் கை கால் சரியாக வராது, படம் கெட்டுப்போகும் என்பார். இத்தனைக்கும் அவர் தம் வாழ்நாளில் ஒரு மலையையும் நேரில் பார்த்தவர் இல்லை, வண்டியில் ஏறினால் வாந்தி வரும் என்பதால் மலை இருக்கிற ஊர் எதற்கும் அவர் போனது கிடையாது.

அப்படிப்பட்டவரை எலுமிச்சம்பழமும் கையுமாக வேனில் ஏற்றியது அரசாங்கம். நகரத்துக் கலைக்கூடத்தில் 'கண் திறப்போம்' என்றொரு திட்டம் வந்திருந்தது. கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் மூடியே இருக்கிறது என்று யாரோ மேலே கண்டுபிடித்திருந்தார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்ப் படம் காட்டிக் கண்ணைத் திறந்து, மாலைக்குள் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். திட்டத்தின் அலுவலர் மிருதுளா மேடம், கைத்தறிச் சேலையும் தோள் தொடுகிற தோடுமாக வாசலிலேயே நின்று, தொடக்கூடாது, ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, சாய்ந்து நிற்கக்கூடாது, மற்றபடி சுதந்திரமாக உணருங்கள் என்று பிள்ளைகளை வரவேற்றார்.

பிள்ளைகள் சுதந்திரமாக வரிசையில் போனார்கள். மீசை வைத்த ஜமீன்தார் ஒருவரின் பெரிய எண்ணெய்ச் சித்திரத்தின் முன்னால் நிறுத்தி, "இந்தப் படம் உங்ககிட்ட என்ன பேசுது?" என்று மேடம் கேட்டார்.

பிள்ளைகள் ஜமீன்தாரின் மீசையையே பார்த்தார்கள். கடைசியில் சபரி என்ற பையன், "ஒண்ணும் பேசல மேடம், முறைச்சிக்கிட்டுதான் இருக்காரு" என்றான்.

மதியம் எலுமிச்சைச் சாதம் முடிந்ததும் ஆளுக்கொரு தாளும், பெயர் எழுதி ஒட்டிய க்ரையான் டப்பாவும் கொடுத்தார்கள். உங்கள் மனசு எதைப் பார்க்கிறதோ அதை வரையுங்கள் என்றார் மேடம். பிள்ளைகள் மனசைப் பார்க்காமல் சாரைப் பார்த்தார்கள். வாந்தி எடுத்த களைப்பில் மூலை நாற்காலியில் கிடந்த தவசிக்கனி சார், கண்ணை மூடியபடியே வலது கையைத் தூக்கிக் காற்றில் இரண்டு கூம்பு போட்டுக் காட்டினார். அவ்வளவுதான். வகுப்பு முழுக்க விறுவிறுவென்று பழுப்பை எடுத்து மலைக்கும், மஞ்சளை எடுத்துச் சூரியனுக்கும் குடிசைக்கும், நீலத்தை எடுத்து ஆற்றுக்கும் தேய்த்துத் தள்ளியது, டெண்டரில் வாங்கிய மலிவு க்ரையான் என்பதால் ஒரு படத்துக்குள் அத்தனையும் நகக்கண் அளவுக்குத் தேய்ந்துபோயின.

ஒரே ஒரு பிள்ளை மட்டும் வேறு வரைந்தது. மூன்றாம் வகுப்புச் சொர்ணிகா, உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிற பேச்சித்தாயின் ஒரே மகள். அவள் அப்பன் லாரியோடு குஜராத் பக்கம் போனவன், லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. சொர்ணிகா டப்பாவைத் திறந்து, எந்தப் பிள்ளையும் எந்தக் காலத்திலும் தொடாமல் முழுசாகக் கிடக்கிற வெள்ளைக் க்ரையானை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, தாளோடு முகம் வைத்து ஒரு மணி நேரம் வரைந்தாள்.

மேடம் வந்து பார்த்தார். "ஏன்மா, ஒண்ணுமே வரையலையா?"

"வரைஞ்சிருக்கேன் மேடம். எங்கம்மா உப்பு வாருதா. இது அம்பாரம். இது அவ நிக்கிற பாத்தி."

மேடம் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் வெள்ளையாகத்தான் இருந்தது. சார் எழுந்து வந்து, "ஏட்டி, வெள்ளைத் தாள்ல வெள்ளைய வச்சு வரைஞ்சா யாருக்குட்டி தெரியும்?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"உப்பு வெள்ளைதான சார்" என்றாள் அவள்.

அந்தத் தாளை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டு, மற்ற எல்லாப் படங்களையும் ஒட்டிச் சேர்த்து ஒரே பெரிய சட்டத்தில் போட்டார்கள். எல்லாம் ஒரே படம் என்பதால் ஒட்டு தெரியவே இல்லை. யாரும் சொல்லித்தராமலே இத்தனை குழந்தைகள் ஒரே நிலத்தைக் கனவு கண்டிருக்கிறார்கள் என்று மேடம் மேலதிகாரிக்குப் போனில் சொல்லும்போது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. 'ஒரு ஊரின் கூட்டுக் கனவு' என்று பலகை எழுதி, நுழைவாயிலுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினார்கள். ஆணி அடித்தது திங்கட்கிழமை மாலை, மலை வந்தது செவ்வாய்க்கிழமை காலை. இதற்குமேல் காரணம் எங்களுக்குத் தெரியாது, விசாரிக்க நேரமும் இருக்கவில்லை, மலை வந்துவிட்டால் அதற்கப்புறம் ஊரில் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

கடல் பக்கம் எழும்பி நின்றன இரண்டும், ஒரே உயரம், ஒரே கூர்மை, அச்சில் வார்த்த கொழுக்கட்டை மாதிரி. நடுவே பாதிச் சூரியன், சுற்றிலும் குச்சிக் கதிர்கள். ஆறு ஒன்று மலைச் சந்திலிருந்து இறங்கி வர வர அகலமாகி, உப்பளத்துக்கு நடுவில் ஓடியது. கரையில் குடிசை, தென்னை. பறவைகள் வானத்தில் விரித்த சிறகோடு நின்றனவே ஒழிய இறங்கவும் இல்லை, இரை தேடவும் இல்லை. டீக்கடை அந்தோணி பெஞ்சைக் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போட்டான். தபால்காரர் வந்து, மலைக்கு அந்தப் பக்கம் வீடு இருக்கிறதா, அதுவும் இதே பின்கோடுதானா என்று கேட்டுக்கொண்டு போனார். மற்றபடி யாரும் கூச்சல் போடவில்லை, சின்ன வயசிலிருந்து வரைந்து பழகின மலைதானே என்றுதான் எங்களுக்கு இருந்தது.

கூச்சல் போட்டவர்கள் அதிகாரிகள். மலை என்றால் வனத்துறைக்கு என்று ஒரு ஜீப் வந்தது. மரம் இல்லாத மலை புறம்போக்கு, அது வருவாய்த்துறைக்கு என்று இன்னொரு ஜீப் வந்தது. இரண்டு ஜீப்பும் ஆற்றுக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலுமாக நின்று கடைசிவரை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. மலை இருந்தால் முருகன் இருக்க வேண்டும் என்று இடது மலைக்கு வேல் நட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு வலது மலைக்குச் சிலுவை நட்டார்கள். மலை இரண்டாக வந்ததில் அந்த ஒரு தகராறு மட்டும் சுமுகமாக முடிந்தது. ஆளில்லாத குடிசையைப் பஞ்சாயத்துத் தலைவர் பட்டுராஜா வீடில்லாதோர் திட்டத்தில் தம் மைத்துனருக்கு ஒதுக்கினார். மைத்துனர் பால் பானையோடு போய்ப் பார்த்தால் கதவு திறக்கவில்லை, வரைந்த கதவு எப்படித் திறக்கும்? ஒதுக்கீடு ரத்தாகிவிடக் கூடாதே என்று அவர் வாசலிலேயே பாய் விரித்துப் படுத்துக்கிடந்தார்.

சூரியன் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. உதிக்கவும் இல்லை, அடையவும் இல்லை, எப்போதும் காலை ஆறு மணி வெளிச்சம். முதல் இரண்டு நாள் சேவல்கள் தொண்டை கட்டும்வரை கூவிப் பார்த்துவிட்டு வேலையை விட்டன. பிறகு ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. எப்போதும் விடிகாலை என்பதால் எந்த நேரத்தில் தாலி கட்டினாலும் முகூர்த்தம்தான் என்று ஜோசியர் அறிவித்தார், மண்டபத்துக்காரருக்கு மூச்சுவிட நேரமில்லை. சாராயக் கடையை இருட்டுகிற நேரத்தில் மூடினால் போதும் என்று கடைக்காரர் சட்டத்துக்கு விளக்கம் சொல்லித் திறந்தே வைத்திருந்தார். தெருவிளக்குக்குச் செலவில்லை என்று தலைவர் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார், எங்கள் ஊரில் தெருவிளக்கே கிடையாது என்பதை அவரும் சொல்லவில்லை, நிருபரும் கேட்கவில்லை.

அப்புறம் கார்கள் வந்தன. மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களுக்கு அந்தோணி வடை விற்றான், அவன் பெண்டாட்டி டவுனில் வாங்கிய சர்க்கரைப் பாகை மலைத்தேன் என்று விற்றாள். தார் ரோட்டோரம் கல் ஊன்றி, 'மலைக்காட்சி நகர்' என்று தலைவர் பலகை வைத்தார். தவசிக்கனி சாருக்கு நல்லாசிரியர் என்று சால்வை போட்டார்கள். அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. பள்ளி விட்டதும் நடந்தே மலையடிவாரத்துக்குப் போவார். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நிற்பார். உள்ளங்கையை மலைமேல் வைத்து வைத்து எடுப்பார். வாந்தி இல்லாமல், வண்டி இல்லாமல், மலை தன்னைத் தேடி வந்துவிட்ட மனுஷன் அவர். அந்த நேரத்தில் அவரைக் கூப்பிட எங்களுக்கே மனசு வந்ததில்லை, பொய் சொல்லக் கூடாது.

மலையில் சந்தோஷப்படாதவர்கள் உப்பளத்துப் பெண்கள் மட்டும்தான். உப்புக்கு வேண்டியது உச்சி வெயில். மண்டையைப் பிளக்கிற, காலடிக்குள் நிழலைச் சுருட்டி வைக்கிற வெயில். அது இல்லை. போதாததற்குப் படத்து ஆறு பாத்திகளுக்குள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டியது. இருந்த உப்பும் கரைந்தது, புது உப்பும் விளையவில்லை. கிராம சபையில் பேச்சித்தாய் எழுந்து நின்றாள்.

"தலைவரே, மலை நல்லாத்தான் இருக்கு. நாங்க என்னத்தத் திங்க?"

"ஏ தாயி, மலை இருக்க ஊர்ல உப்பு எதுக்கு? இனிமே நம்ம சுற்றுலா ஊரு."

"சுற்றுலாவுல எங்களுக்கு என்ன சோலி?"

"நில்லுங்க. அளத்துல நிக்கத மாதிரியே நின்னா வாரவுக படம் புடிச்சிட்டுக் காசு குடுப்பாக."

பெண்கள் அடுத்த நாள் காலிப் பாத்தியில் உப்பு வாருகிற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றும் பார்த்தார்கள். வந்தவர்கள், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள், மலையை மறைக்கிறீர்கள் என்றார்கள். இயற்கைக் காட்சியில் ஆள் இருக்கக் கூடாது என்பது அவர்களுக்கும் யாரோ ஒரு சார் சொல்லிக்கொடுத்ததுதானே.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற வேன் திங்கட்கிழமை தோறும் வர ஆரம்பித்தது. முதல் வாரம் சபரியின் அம்மா போனாள். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் போனார்கள். பேச்சித்தாய் கடைசிவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஒரு நாள் மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துத் தலையில் பேன் பார்த்துக்கொண்டே, "வர்ற திங்கக்கெழம நானும் போறேன்டி. ஒன்ன ஹாஸ்டல்ல சேத்தாச்சு. மூணு நேரமும் சோறு போடுவாவ" என்றாள்.

சொர்ணிகா அழவில்லை. எழுந்து மலைக்குப் போனாள். இடது மலையின் அடியில் ஒரு துண்டு பழுப்பே ஏறாமல் வெள்ளையாக விட்டுப்போயிருந்தது, அது சபரியின் கைவேலை; கோட்டைத் தாண்டி வெளியே இழுத்திருந்தது பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் கைவேலை. நகத்தால் சுரண்டினாள், மெழுகு சுருண்டு வந்தது. மறுநாள் வகுப்பில் எழுந்து கேட்டாள்.

"சார், சூரியன ரெண்டு மலைக்கும் மேல தூக்கி வச்சு வரையலாமா சார்?"

"சூரியன் நடுவுலதாண்டி இருக்கும். ஜன்னலப் பாரு" என்றார் சார். அவர் சொன்னது உண்மைதான், அப்போது ஜன்னலில் அப்படித்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மிருதுளா மேடம் பள்ளிக்கே வந்தார். திட்டத்தின் இரண்டாம் கட்டம், வகுப்பறை தேடி வரும் கலை. பிள்ளைகளின் கண் முதல் கட்டத்தில் எவ்வளவு திறந்தது என்று காட்டுவதற்கு இரண்டாவது படம் வேண்டியிருந்தது. பழைய படத்தைக் கழற்றிவிட்டு அதே ஆணியில் புதியதை மாட்டப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கலைத்துறைச் செயலாளர் வந்து திறக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறைதான் க்ரையான் வாங்க விதி இருக்கிறது என்பதால் மேடம் கொண்டுவந்தது அதே பழைய டப்பாக்கள், பெயர் ஒட்டியபடியே. பிள்ளைகள் ஆசையாகத் திறந்தார்கள். பழுப்பு இல்லை, மஞ்சள் இல்லை, நீலம் இல்லை. எல்லா டப்பாவிலும் முழுசாகக் கிடந்தது வெள்ளை ஒன்றுதான்.

சொர்ணிகாவின் டப்பாவில் மட்டும் வெள்ளை தேய்ந்து, மற்றது எல்லாம் கூர் மழுங்காமல் இருந்தது.

அவள் தன் மஞ்சளை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். மேடம் வெளியே வேப்ப மரத்தடியில் நின்று செயலாளருக்கு மாலை வாங்குவது பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். முதலில் வந்தவன் சபரி.

"ஏ சொர்ணி, மஞ்சள் தாட்டி. சூரியனுக்கு."

"தாரேன். சூரியன தாளோட உச்சியில வைக்கணும்."

"சார் அடிப்பாரு."

"அப்பம் போ."

சபரி யோசித்தான். சூரியன் இல்லாமல் ஒரு படத்தை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "சரி, உச்சியில வைக்கேன். மலைக்குப் பழுப்பு?"

"பழுப்பு தர மாட்டேன். மலைக்கு ஒன்கிட்ட இருக்க வெள்ளைய அடி. நல்லா அழுத்தி அடி, சோம்பேறித்தனமா விடாத. ஆறு வரையாத."

"அவ்ளோதான?"

"இன்னொண்ணு இருக்கு. மலைக்குக் கீழ ஒங்கம்மாவ வரையணும்."

சபரியின் அம்மா போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் வெள்ளைக் க்ரையானை விரலில் உருட்டிக்கொண்டே, "எனக்கு ஆளு வரைய வராதே, கை காலெல்லாம் கோணும்" என்றான்.

"கோணட்டும். வெள்ளையிலதான வரையுத, யாருக்குத் தெரியப் போவுது?"

பேச்சு பெஞ்சு பெஞ்சாகப் போனது. பஞ்சாயத்துத் தலைவர் ஐந்து வருஷத்தில் கற்றுக்கொண்ட வித்தையை எங்கள் ஊர் மூன்றாம் வகுப்புப் பெண் ஒரு பீரியடில் நடத்திக் காட்டினாள். கேட்டவர்களுக்கெல்லாம் மஞ்சள் கொடுத்தாள், கொடுக்குமுன் தாளை வாங்கிப் பார்த்தாள், சூரியன் உச்சிக்கு வராதவர்களைத் திருப்பி அனுப்பினாள். குனிந்த தலைகளாக இருந்தது வகுப்பு. உப்பளத்தில் அம்மாக்கள் குனிகிற மாதிரியே பிள்ளைகள் தாள்மேல் குனிந்திருந்தார்கள். சில பிள்ளைகள் அழுதுகொண்டே வரைந்தன, மெழுகின் மேல் கண்ணீர் ஒட்டவில்லை.

தவசிக்கனி சார் எழுந்து பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துவந்தார். சபரியின் தாளைக் கையில் எடுத்தார். உச்சியில் ஒரு முழுச் சூரியன், கீழே ஒன்றுமில்லை. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார், மெழுகு மினுங்கியது, வெள்ளை மலை இரண்டு தெரிந்தது, அடியில் கோணல் மாணலாகக் கையும் காலுமாக ஒரு பொம்பளை தெரிந்தாள். அடுத்த தாளைச் சாய்த்தார், அதிலும் ஒருத்தி. அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் படிக்காதவர் இல்லை, மலையை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்த மனுஷன், அது எதனால் ஆனது என்று ஊரிலேயே அவருக்குத்தான் முதலில் தெரியும். ஒரு வார்த்தை, 'எல்லாத்தையும் அழிங்க' என்ற ஒரே வார்த்தை போதும், அவருடைய மலை அவருக்கு நின்றிருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். இரண்டு மலையும் அங்கே நின்றன, ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் அவர் போட்ட அதே கோட்டில். தாளைச் சபரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்து, மணி அடிக்கும்வரை மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் உள்ளே வந்து தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் உச்சியில் ஒரு மஞ்சள் வட்டம், மிச்சமெல்லாம் வெற்றுத் தாள். அன்றைக்கு ஒரு பிள்ளை வெற்றுத் தாள் கொடுத்தபோது, ஒன்றுமே வரையலையா என்று கேட்டவர், இப்போது வகுப்பு முழுக்க வெற்றுத் தாள் கொடுத்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"எவ்வளவு துணிச்சலான வெறுமை! ஒரே மாசத்துல இவ்வளவு தூரம் வந்துட்டீங்களே கண்ணுங்களா!"

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் வந்தார், மாலை போட்டார்கள், பழைய படம் இறங்கியது, புதியது அதே ஆணியில் ஏறியது. 'கூட்டு மௌனம்' என்று பலகை எழுதியிருந்தார்கள். செயலாளர் அதன் முன்னால் வெகுநேரம் நின்று தலையை ஆட்டினார் என்று பத்திரிகையில் வந்தது. இன்றைக்கும் அது அங்கேதான் தொங்குகிறது. வேறு ஊர்ப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இந்தப் படம் உங்களிடம் என்ன பேசுகிறது என்று கேட்கிறார்கள். படம் பேசத்தான் செய்கிறது, ஆனால் சுவரோரமாகப் போய்க் கன்னத்தைச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அங்கேதான் சுவரில் சாயக் கூடாது என்று விதி இருக்கிறதே.

திங்கட்கிழமை காலை எங்கள் ஊரில் சூரியன் ஓர் ஓரமாய் அசைந்தது. குச்சிக் கதிர்கள் உதிர்ந்தன. பறவைகள் சிறகை மடக்கி, பசி தாங்காமல் அந்தோணி கடை வடைத் தட்டில் வந்து இறங்கின. ஆறு வற்றிய இடத்தில் வேன் நின்றது. குடிசை இருந்த இடத்தில் பாயும் மைத்துனரும் மட்டும் இருந்தார்கள். மலை இரண்டும் வெளுத்துக்கொண்டே வந்து, வெயில் ஏற ஏறக் கண்ணைப் பறிக்கிற வெள்ளையாகின. வனத்துறை ஜீப் வருவாய்த்துறைக்கு வழிவிட்டது, வருவாய்த்துறை ஜீப் வனத்துறைக்கு வழிவிட்டது, இரண்டும் திரும்பிப் போய்விட்டன.

பேச்சித்தாய் ஒரு கையில் பையும் ஒரு கையில் மகளுமாக வேனுக்கு வந்திருந்தாள். படிக்கட்டில் ஒரு கால் வைத்தவள் இறங்கினாள். பையைத் தரையில் போட்டாள். நடந்து போய் இடது மலையில் ஒரு பிடி அள்ளி, விரலால் நெருடிப் பார்த்து, நாக்கில் வைத்தாள். வேன் டிரைவர் ஹாரன் அடித்தான்.

"ஏறுதியா இல்லையா?"

பேச்சித்தாய் திரும்பி, "முதல் தரம்" என்றாள். அவனிடம் சொன்னாளா, எங்களிடம் சொன்னாளா, தெரியவில்லை.

"மலை பஞ்சாயத்துச் சொத்து, ஒருத்தரும் தொடக் கூடாது" என்று பட்டுராஜா ஓடிவந்தார். அதற்குள் உப்பு வாருகிற பலகைகள் வந்துவிட்டன. போனில் விஷயம் போய், அடுத்த நாளே திருப்பூர் பஸ்ஸிலிருந்து பெண்கள் பையும் பலகாரமுமாக இறங்கினார்கள். சபரி தன் அம்மாவைக் கண்டதும் கிட்டே போகாமல், கை கால் நேராக இருக்கிறதா என்று தூரத்தில் நின்றே பார்த்தான். மழைக்காலம் வருவதற்குள் அந்த இரண்டு மலையையும் நாங்கள் வாரி, மூட்டை கட்டி, லாரி ஏற்றி முடித்தோம். மலைக்காட்சி நகரில் மனை வாங்கியவர்கள் கேட்டதற்கு, காட்சி இருந்தது உண்மை, நீங்கள் வந்து பார்க்கத் தாமதித்துவிட்டீர்கள் என்று தலைவர் பதில் எழுதினார். தவசிக்கனி சார் இப்போதும் வெள்ளிக்கிழமை அதே இயற்கைக் காட்சியைத்தான் போடுகிறார். மலை எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டால் மட்டும், சொல்லாமல், சட்டைப் பையிலிருந்து ஒரு உப்புக்கல்லை எடுத்து மேஜைமேல் வைக்கிறார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தத் திங்கட்கிழமைதான். வேன் போய்விட்டது. பேச்சித்தாய் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பழைய சட்டையை மேலே மாட்டிக்கொண்டு, மலையின் அடியில் குனிந்து பலகையை இழுத்தாள். சூரியன் தாளில் வைத்த இடத்துக்கு, நட்ட உச்சிக்கு வந்து நின்றது. அவள் நிழல் அவள் காலடிக்குள் சுருண்டுகொண்டது. சொர்ணிகா பக்கத்திலேயே நின்று, அண்ணாந்து, தன் சூரியனையே கண் கூசக் கூசப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சித்தாய் நிமிர்ந்தாள்.

"ஏட்டி, மேல என்னத்தப் பாக்க? தலையில துண்டப் போடு, வெயிலு கொளுத்துது."